ஐநூறு ரூபாய்க்குப் பெட்ரோல், லிட்டருக்கு இருபத்தைந்து

புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. எனும் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைக் கூடத்தில் கார் நின்ற இடத்திலேயே ஓடும். முன்சக்கரங்கள் தரையில் பதித்த உருளைகளின் மேல் சுழலும். சைலன்சரில் மாட்டிய குழாய் வழியே புகை பைகளுக்குப் போய்ச் சேரும். அதிலுள்ள கார்பனை அளந்து, எரிந்த பெட்ரோல் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். ஓட்டுபவரின் கண்முன் ஒரு திரை. எந்த நொடியில் என்ன வேகம், எந்த கியர் என்று அதில் கோடு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஓட்டுவதுதான் அவர் வேலை. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அந்தக் கோடு கொடுக்கும் அவகாசம் 26 நொடி. சென்னை அண்ணா சாலையில் பச்சை விழுந்ததும் ஒருவர் இப்படிக் காரை எடுத்தால், பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

மொத்தச் சோதனையும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நகர ஓட்டத்துக்கான பகுதி நான்கு முறை, நெடுஞ்சாலைக்கான பகுதி ஒரு முறை. உச்ச வேகம் 90. அறை வெப்பம் 20 முதல் 30 டிகிரி. ஏசி அணைத்திருக்கும். வேகத்தடை, எதிர்க்காற்று, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு எதுவும் கிடையாது. இப்படிக் கிடைக்கும் எண்தான் ஷோரூமில் விற்பனையாளர் வாயிலிருந்து வருகிறது. 2024இல் வந்த நான்காம் தலைமுறை மாருதி சுஸுகி ஸ்விஃப்ட், கையால் கியர் மாற்றும் வகை, லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர். கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் 27.97. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்த எண் பொய் என்று சொல்லிவிட முடியாது. எல்லாக் கார்களையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க அது உதவுகிறது. 24 என்று அச்சிட்ட கார், 18 என்று அச்சிட்ட காரைவிடச் சாலையிலும் சிக்கனமாகத்தான் இருக்கும். சிக்கல், அந்த எண்ணையே தன் வீட்டு வாசலில் நிற்கும் காரும் கொடுக்கும் என்று குடும்பம் நம்பத் தொடங்கும் இடத்தில் வருகிறது. ஆறு மாதம் கழித்து, ‘சிட்டிக்குள்ள பதினாலுதான் வருது’ என்று ஒருவர் அலுவலகத்தில் அலுத்துக்கொள்வார். பக்கத்து மேசைக்காரர், ‘எனக்கு இருபது குறையாம வருது’ என்பார். இரண்டு பேரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இந்தியா பின்பற்றும் இந்த ஓட்டமுறையின் மூலம் ஐரோப்பா. நகரப் பகுதி அங்கே 1970களின் தொடக்கத்தில் உருவானது. நெடுஞ்சாலைப் பகுதி 1990இல் சேர்ந்தது. அங்கே உச்ச வேகம் 120, இந்தியச் சாலைகளை எண்ணி இங்கே 90 ஆக்கினார்கள். அந்தச் சோதனையை ஐரோப்பாவே 2017 செப்டம்பர் முதல் கைவிடத் தொடங்கி, டபிள்யூ.எல்.டி.பி. என்னும் கடுமையான முறைக்கு மாறியது. 30 நிமிடம், 23 கிலோமீட்டருக்குச் சற்று மேல், உச்ச வேகம் 131. ஏன் மாற வேண்டிவந்தது என்ற கதையில்தான் பெட்ரோல் போடும் பழக்கம் உள்ளே நுழைகிறது.

ஐ.சி.சி.டி. என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு பல ஆண்டுகளாக ஒரு கணக்கை வெளியிட்டு வந்தது. சோதனைக் கூடம் சொல்லும் எரிபொருள் செலவுக்கும் சாலையில் ஆகும் செலவுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதே அந்தக் கணக்கு. 2001இல் அது 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2015 வாக்கில் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஓட்டுநர்கள் அதற்குள் அவ்வளவு மோசமாகிவிடவில்லை. கார் நிறுவனங்கள் சோதனையின் சந்து பொந்துகளைக் கற்றுக்கொண்டிருந்தன. இந்தக் கணக்கை ஐ.சி.சி.டி. எங்கிருந்து எடுத்தது? ஜெர்மனியில் ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதி வைக்கும் சாதாரணக் கார்க்காரர்களின் குறிப்புகளிலிருந்து. நெதர்லாந்தில் நிறுவன ஊழியர்களுக்குக் கொடுக்கும் எரிபொருள் அட்டைகளின் பதிவுகளிலிருந்து. பங்க்கில் வாங்கிய ரசீதுதான் பெரிய கம்பெனிகளின் எண்ணைத் தோலுரித்தது.

அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே கதைதான். ஹூண்டாய், கியா கார்கள் ஜன்னலில் ஒட்டிய அளவு மைலேஜ் தரவில்லை என்று உரிமையாளர்கள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குப் புகார் அனுப்பினார்கள். முகமை தானே ஓட்டிப் பார்த்தது. 2012 நவம்பரில் சுமார் 9 லட்சம் கார்களின் மைலேஜ் எண்களை அந்த நிறுவனங்கள் கீழே இறக்க வேண்டிவந்தது. உரிமையாளர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. 2014இல் 10 கோடி டாலர் அபராதமும் விழுந்தது. ஜப்பானில் 2016இல் மிட்சுபிஷி தன் சின்னக் கார்களின் சோதனைத் தரவைத் திருத்தியதாக ஒப்புக்கொண்டது. அங்கே பிடித்தது வாடிக்கையாளர் இல்லை, அந்தக் கார்களைத் தன் பெயரில் விற்றுவந்த நிஸான்.

நம் பக்கத்திலும் ஒரு வழக்கு உண்டு. கேரளத்தில் ஃபோர்டு டீசல் கார் வாங்கிய ஒருவர், லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று சொல்லி விற்றதை எதிர்த்துத் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். ஆணையம் நியமித்த நிபுணர் காரை ஓட்டி அளந்தார். 20ஐக்கூட எட்டவில்லை. 2022 இறுதியில் 3.10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இந்தியாவில் இப்படி வழக்குகள் அபூர்வம். மைலேஜைப் பற்றி இவ்வளவு பேசும் நாட்டில் அது ஏன் அபூர்வம் என்றால், பெரும்பாலான வீடுகளில் ஆணையத்தின் முன் வைக்க ஒரு காகிதம் இருக்காது.

சென்னையிலோ மதுரையிலோ எந்த பங்க்கிலும் ஒரு கால் மணி நேரம் நின்று பார்த்தால் இது புரியும். கார் வந்து நிற்கிறது. கண்ணாடி பாதி இறங்குகிறது. ‘எவ்வளவு சார்?’ ‘ஐநூறுக்குப் போடுங்க.’ ‘ஜீரோ பாத்துக்கோங்க.’ இயந்திரத்தில் ரூபாயை அழுத்திவிட்டுப் பையன் அடுத்த வண்டியைப் பார்க்கிறான். ஜீபே சத்தம் கேட்கிறது, கண்ணாடி ஏறுகிறது. எத்தனை லிட்டர் விழுந்தது என்று அந்த ஓட்டுநரிடம் அடுத்த சிக்னலில் கேட்டால் சொல்ல மாட்டார். பெட்ரோல் அவர் மனத்தில் லிட்டராக இல்லை. ஐநூறாக, ஆயிரமாக இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை ஐநூறு என்பதுதான் வீட்டு பட்ஜெட்டின் மொழி. மாதச் சம்பளக்காரர் 20ஆம் தேதிக்கு மேல் ஐநூறு ஐநூறாகத்தான் போடுவார், அதில் தப்பும் இல்லை.

ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது ஐநூறு என்பது ஐந்து லிட்டர். முள் கால் பாகத்தில் நின்றபோது போட்டோம், மறுபடி கால் பாகத்துக்கு வந்ததும் கிலோமீட்டரைப் பார்த்தோம், ஐந்தால் வகுத்தோம் என்று பலர் மைலேஜ் கண்டுபிடிக்கிறார்கள். டேங்க் ஒழுங்கான பெட்டி கிடையாது. பின் இருக்கைக்குக் கீழே கிடைத்த இடத்துக்கு ஏற்றபடி வளைந்து நெளிந்தது. முள் அதே இடத்தில் நின்றாலும் உள்ளே ஒரு லிட்டர் கூடக் குறைய இருக்கலாம். ஏற்றத்தில் நிறுத்தினால் ஒன்று காட்டும், இறக்கத்தில் வேறு காட்டும். ஐந்து லிட்டரில் ஒரு லிட்டர் பிசகு என்றால் 20 சதவீதம். நிஜத்தில் 16 கொடுக்கும் கார், ஒரு வாரம் 13 என்றும் மறுவாரம் 19 என்றும் காட்டும். முதல் வாரம் பங்க்காரனைத் திட்டுவார்கள், இரண்டாம் வாரம் தன் ஓட்டுதிறனை மெச்சிக்கொள்வார்கள்.

அதே ஒரு லிட்டர் பிசகு 35 லிட்டர் நிரப்பும்போது 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பழைய டாக்சி ஓட்டுநர்கள் ‘டேங்க் டு டேங்க்’ என்று சொல்லும் முறை அதனால்தான் நம்பகமானது. ஒரு பங்க்கில், ஒரு குறிப்பிட்ட பம்ப்பில், முனை தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். டேங்க் பெரும்பாலும் தீர்ந்ததும் அதே பம்ப்புக்கு வந்து அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை விழுந்த லிட்டரால் வகுக்க வேண்டும். முனை நின்ற பிறகும் ‘ரவுண்ட் பண்ணிடலாம் சார்’ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றவிடக் கூடாது. அளவு கெடுவதோடு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்குடுவைக்குள் பெட்ரோலே போய் அதைக் கெடுத்துவிடும்.

டேஷ்போர்டில் தெரியும் எண்ணைப் பார்த்தால் போதாதா? போதும், ஆனால் முழுதாக நம்பக் கூடாது. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துக் கார் போடும் கணக்கு அது. பொதுவாகக் கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டும். நேற்றைய ஓட்டத்தையும் இன்றைய ஓட்டத்தையும் ஒப்பிட அது நல்ல துணை.

முழு டேங்க் போடாததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, பெட்ரோல் கனத்தால் மைலேஜ் குறையும் என்பது. ஸ்விஃப்டின் டேங்க் 37 லிட்டர். பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முழு டேங்க்குக்கும் பாதி டேங்க்குக்கும் வித்தியாசம் 14 கிலோ. அமெரிக்க முகமையின் கணக்குப்படி 45 கிலோ கூடினால் எரிபொருள் செலவு ஒரு சதவீதம் ஏறும். 14 கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்கு சதவீதம்கூட இல்லை. அடிக்கடி பங்க்குக்குத் திரும்பும் நேரத்திலும் வரிசையிலும் அதைவிட அதிகம் போய்விடும்.

காலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும் என்பது அதைவிடப் பிரபலமான நம்பிக்கை. பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும், உண்மைதான். ஆனால் பங்க்கின் தொட்டி பூமிக்கடியில் கிடக்கிறது. வெளியே மே மாத வெயில் கொளுத்தினாலும் ஒரே நாளில் அங்கே வெப்பநிலை அவ்வளவாக மாறாது. அப்படியே ஐந்து டிகிரி மாறினாலும் ஐநூறு ரூபாயில் இரண்டரை ரூபாய். அதற்காக ஆறு மணிக்கு எழுந்திருப்பவர்கள் நடைப்பயிற்சிக்குப் போகலாம்.

510, 1,010 என்று சில்லறை சேர்த்துப் போட்டால் ஏமாற்ற முடியாது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. 2017இல் லக்னோவில் உத்தரப் பிரதேச சிறப்புப் படை பல பங்க்குகளில் மின்னணுச் சில்லுகளைப் பிடித்தது. ரிமோட்டால் இயங்கி, விழும் பெட்ரோலைக் குறைத்தவை அவை. ஐநூறு என்றாலும் ஐநூற்றுப் பத்து என்றாலும் அந்தச் சில்லுக்கு ஒன்றுதான். அதைப் பிடிக்க வழி வேறு. ஒவ்வொரு பங்க்கிலும் எடையளவுத் துறை முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக்குடுவை இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதில் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அனுமதித்த பிசகு ஐந்து லிட்டருக்கு 25 மில்லி. கேட்பவர் அரிது. பின்னால் ஹாரன் அடிக்கும்போது குடுவையை எடுக்கச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

பெட்ரோலுக்காக ஊர் கடப்பவர்களும் உண்டு. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கார்கள் அங்கே நிரப்புவது பழைய வழக்கம். லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 35 லிட்டருக்கு 175 ரூபாய் மிச்சம். கடலூரிலிருந்து போய் வர 44 கிலோமீட்டரைப் போல ஆகும். 16 கொடுக்கும் கார் அதற்கு 2.75 லிட்டர் குடிக்கும், அதாவது 260 ரூபாய்க்கு மேல். வேறு வேலையாகப் போகிறவருக்கு லாபம், பெட்ரோலுக்காகவே போகிறவருக்கு நஷ்டம். தன் கார் எவ்வளவு கொடுக்கிறது என்று தெரியாதவரால் இந்தக் கணக்கையே போட முடியாது. இதே புதுச்சேரிதான், பெட்ரோல் விலை நாள்தோறும் மாறும் முறையை 2017 மே மாதம் முன்னோட்டமாகச் சோதித்த ஐந்து நகரங்களில் ஒன்று. ஜூன் 16 முதல் நாடெங்கும் அது வந்தது. அதற்கு முன்பு மாதத்தின் 1, 16 தேதிகளுக்கு முந்தைய இரவில் விலை ஏறப்போகிறது என்ற செய்தி கிளம்பி, பங்க் வாசலில் வரிசை தெருவுக்கு வரும். அந்த வரிசை இப்போது போய்விட்டது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் புதிய தண்டனைச் சட்டத்தை எதிர்த்து நிறுத்தம் செய்தபோது வட மாநிலங்களில் அது ஒரு நாள் திரும்ப வந்தது.

பெட்ரோலை லிட்டராகவே நினைக்கவேண்டிய கட்டாயம் இலங்கைக்கு வந்தது. 2022 நெருக்கடியில் அங்கே அரசு கியூ.ஆர். குறியீட்டில் எரிபொருள் அட்டை கொடுத்தது. கார் ஒன்றுக்கு வாரம் 20 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று தொடங்கியது. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் 20 லிட்டர்தான். லிட்டருக்கு 10 கொடுக்கும் பழைய காருக்கு வாரம் 200 கிலோமீட்டர், 20 கொடுக்கும் சின்ன ஹைப்ரிட்டுக்கு 400. அதே அட்டை ஒரு வீட்டுக்கு அலுவலகத்தோடு முடிந்துபோகும், இன்னொரு வீட்டுக்கு ஊருக்குப் போய் வரவும் மிஞ்சும். 2023 செப்டம்பரில்தான் அந்தப் பங்கீடு முடிவுக்கு வந்தது.

இனி, ஷோரூமில் சொன்ன 24.8 சாலையில் எங்கே கரைகிறது என்று பார்க்கலாம். தமிழ்நாட்டுக் குடும்பக் காரில் முதல் குற்றவாளி ஏசி. சோதனையில் அணைந்திருப்பது இங்கே வருடத்தில் பெரும்பாலான நாள் ஓடுகிறது. கடும் வெயிலில், அதிலும் குறுகிய தூர ஓட்டத்தில், ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேலும் குறையலாம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கையேடு. வெயிலில் நின்ற கார் அடுப்புபோலக் காய்ந்திருக்கும். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். உள்ளே குளிர்ந்து முடிப்பதற்குள் பள்ளி வந்துவிடும். கம்ப்ரஸர் உச்சத்தில் ஓடிய நேரம்தான் முழுப் பயணமும்.

பிள்ளைகளை அழைத்துவரப் போகும் மாலைகள் இன்னொரு ஓட்டை. மணி அடிக்கும்வரை ஏசி போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பதைப் பள்ளிக்கூடத் தெரு எல்லாவற்றிலும் பார்க்கலாம். நின்றபடி ஓடும் கார் எஞ்சினின் அளவையும் ஏசியையும் பொறுத்து மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். சின்னக் கார் என்று கீழ் எல்லையையே எடுத்தாலும், 200 பள்ளி நாளுக்கு 50 மணி நேரம், 50 லிட்டர், ஐயாயிரம் ரூபாய். இதில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ‘மைலேஜ் குறைஞ்சுடுச்சு, சர்வீஸ் விடணும்’ என்று சொல்லும் கார்களில் பல, இப்படி நின்று குடித்தவை.

நெடுஞ்சாலையில் குற்றவாளி மாறுகிறான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 80இல் போகும் காரை 100க்கு ஏற்றினால் காற்று தள்ளும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல். மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். சராசரி 80 என்றால் ஐந்தே முக்கால் மணி நேரம், 100 என்றால் நான்கரை மணிக்குச் சற்று மேல். அந்த ஒரு மணி நேர மிச்சத்துக்குக் கொடுக்கும் பெட்ரோல் கொஞ்சமல்ல. அதுவும் மேல்மருவத்தூரில் ஒரு காபி, செங்கல்பட்டு தாண்டியதும் நெரிசல் என்று பாதி திரும்பிப் போய்விடும். சோதனைக் கூடம் 90ஐத் தாண்டிப் பார்த்ததே இல்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். சபரிமலைக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ எட்டுப் பேரின் மூட்டையைக் கூரையில் கட்டிக்கொண்டு போனால் கதை இன்னும் மோசம். கூரைமேல் பெட்டி, நெடுஞ்சாலை வேகத்தில் மைலேஜை 6 முதல் 17 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது அதே அமெரிக்கக் கையேடு. ஊர் திரும்பிய பிறகும் காலிக் கேரியரைக் கழற்றாமல் மாதக்கணக்கில் சுற்றுபவர்களைப் பற்றி என்ன சொல்ல.

டயர் காற்று பற்றி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். மைலேஜ் கணக்கில் அது அவ்வளவு பெரிதில்லை. ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம்தான். டயர் ஆயுளுக்கும் உயிருக்கும் அது முக்கியம் என்பது வேறு விஷயம். உயர் ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான். சாதாரண பெட்ரோலுக்கு வடிவமைத்த எஞ்சினில் அதை ஊற்றினால் பெரிதாக மாறுவது ரசீதின் தொகை.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அலகே ஒரு கண்கட்டு வேலை செய்கிறது. 2008இல் ட்யூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் இதைக் காட்டினார்கள். அவர்கள் கேலனையும் மைலையும் வைத்துச் சொன்னதை நம் அளவில் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் இரண்டு கார், இரண்டும் மாதம் 1,000 கிலோமீட்டர். பெரிய காரை மாற்றி 10லிருந்து 12 ஆக்குவதா, சின்னக் காரை மாற்றி 20லிருந்து 25 ஆக்குவதா? ஐந்து கூடுவது பெரிது என்றுதான் தோன்றும். பெரிய காருக்கு 100 லிட்டர் 83 ஆகும், மிச்சம் 17. சின்னக் காருக்கு 50 லிட்டர் 40 ஆகும், மிச்சம் 10தான். ஐரோப்பியர்கள் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பதால் இந்த மயக்கம் அவர்களுக்கு வராது.

ஷோரூமில் இதன் விளைவு நேரடியாகத் தெரியும். 24.8 கொடுக்கும் ஸ்விஃப்டுக்கும் 25.75 கொடுக்கும் அதன் ஏ.எம்.டி. வகைக்கும் வருடம் 12,000 கிலோமீட்டருக்கு வித்தியாசம் 18 லிட்டர், 1,800 ரூபாய். கிளட்ச் மிதிக்காமல் ஓட்டலாம் என்று அந்த வகையை வாங்கினால் சரி, மைலேஜுக்காக வாங்கினால் போட்ட கூடுதல் பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். அதே 12,000 கிலோமீட்டரில், அச்சிட்ட 24.8க்கும் சாலையில் கிடைக்கும் 17க்கும் இடையில் விழும் பள்ளம் 222 லிட்டர், அதாவது 22,000 ரூபாய்க்கு மேல். இரண்டு மாடலுக்கு இடையே பாயின்ட் கணக்குப் பார்த்து மூன்று ஷோரூம் ஏறி இறங்கும் குடும்பம், இந்தப் பள்ளத்தை ஒருநாளும் பார்ப்பதில்லை.

ஹைப்ரிட் இந்த இடத்தில் வேறு மாதிரி. பிரேக் அடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் பிடித்துவைப்பதாலும், சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுவதாலும், நெரிசலான ஊருக்குள்தான் அதற்கு அதிக லாபம். சாதாரண கார் எங்கே அதிகம் இழக்கிறதோ அங்கே இது இழப்பதில்லை. தினமும் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுபவருக்கு அதற்குக் கொடுத்த கூடுதல் லட்சங்கள் எளிதில் திரும்பாது. சி.என்.ஜி. எடுத்தவர்கள் கிலோவில் கணக்குப் போடப் பழகிவிட்டார்கள். டிக்கியை சிலிண்டருக்குக் கொடுத்துவிட்டு, நிரப்பும்போது குடும்பத்தையே கீழே இறக்கிவிட்டு, வரிசையில் நிற்கிறார்கள். பணம் மிச்சமாவது உண்மை. நேரக் கணக்கை யாரும் போடுவதில்லை.

எத்தனால் சண்டையில்தான் அளக்காத பழக்கத்தின் நஷ்டம் முழுதாக வெளிவந்தது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, 2025க்குள் பெரும்பாலான பங்க்குகளில் அதுவே கிடைத்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதக் கலவையிலிருந்து 20க்குப் போனால் ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றல் மூன்றரை சதவீதம் குறையும், எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஏழு சதவீதத்தை ஒட்டி. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையும் பழைய நான்குசக்கர வாகனங்களுக்கு 6 முதல் 7 சதவீத இழப்பு என்றுதான் மதிப்பிட்டது. 10க்கு வடிவமைத்து 20க்குச் சீரமைத்தவற்றில் 1 முதல் 2. ஆனால் 2025இல் கார்க்காரர்கள் பலர் 15, 20 சதவீதம் போய்விட்டது என்று கொதித்தார்கள். பெட்ரோலியத் துறை அது மிகை என்றது. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று கலவையை எதிர்த்த பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தது.

யார் சொன்னது சரி? 16 கொடுத்த காரில் 6 சதவீதம் என்றால் ஒரு கிலோமீட்டர். ஐநூறு ரூபாய்க்குப் போட்டு முள்ளைப் பார்த்து அளப்பவரின் பிசகே மூன்று கிலோமீட்டர். அந்த அளவுகோலில் இந்த இழப்பு இருக்கிறதென்றும் காட்ட முடியாது, இல்லையென்றும் காட்ட முடியாது. கோடைக்கு ஏசி கூடியதும், மழைக்கு நெரிசல் கூடியதும், எத்தனாலும் ஒரே மூட்டையில் விழுந்தன. கலவை மாறுவதற்கு முன்பு ஒரு வருடம், பின்பு ஒரு வருடம் முழு டேங்க்கில் எழுதிவைத்த ஒரு நோட்டு இருந்திருந்தால் அந்தக் குடும்பம் அரசிடமும் பேசியிருக்கலாம், கார் நிறுவனத்திடமும் பேசியிருக்கலாம். டேங்க்கில் போடும் பெட்ரோலுக்கு முழு விலை கொடுத்துக்கொண்டே ஆற்றல் குறைந்ததை ஏற்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. கேட்டவர்கள் கையில் எண் இல்லாததால் அது வெறும் புலம்பலாக நின்றுவிட்டது.

ஐரோப்பாவில் இந்த நோட்டை இப்போது காரே எழுதுகிறது. 2021 முதல் அங்கே விற்கும் புதிய கார்கள் தம் ஆயுள் முழுக்கக் குடித்த லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் உள்ளேயே சேர்த்துவைக்க வேண்டும், பிசகு 5 சதவீதத்துக்குள். சர்வீஸிலும் தகுதிச் சோதனையிலும் அந்தத் தரவைப் படித்து எடுக்கிறார்கள். 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் முதல் அறிக்கையை வெளியிட்டது. புதிய, கடுமையான சோதனைக்குப் பிறகும் பெட்ரோல், டீசல் கார்கள் அச்சிட்ட அளவைவிட 20 சதவீதம் கூடுதலாகக் குடித்தன. செருகிச் சார்ஜ் செய்யும் ஹைப்ரிட்கள் சராசரியாக மூன்றரை மடங்கு. சொந்தக்காரர்கள் அவற்றை எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜில் போடவில்லை என்பது முக்கியக் காரணம்.

இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 மாசு விதிகளின் இரண்டாம் கட்டத்தில், காரின் பின்னால் கருவியைக் கட்டிச் சாலையில் ஓட்டிப் புகையை அளக்கும் முறை கட்டாயமாகிவிட்டது. மாசை அப்படி அளக்க முடிகிறது என்றால் மைலேஜையும் அளக்கலாம். ஷோரூம் எண் மட்டும் உருளைமேல் ஓடியதிலிருந்தே வருகிறது. சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் ஓடிய கிலோமீட்டரை எழுதிக்கொள்கிறார்கள், முள் எங்கே நிற்கிறது என்றும் குறித்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே, போன சர்வீஸிலிருந்து குடித்த லிட்டருக்கு ஒரு கட்டம் சேர்க்க எந்தச் சட்டமும் தேவையில்லை. ஆனால் அதை நிரப்ப, வண்டியைக் கொண்டுவந்தவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.